ஒன்பது வருஷ டூர்

ஒரே ஊரில், ஒரே மாடியில், ஒரே அறையில் ஒன்பது வருஷம் இருந்துகொண்டு, அந்த ஊருக்குக் குடிவராமலேயே இருந்த மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டூர் சார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ஆதார் அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பார்.

சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஸ்டெல்லாம்மாவின் வீடு. ஸ்டெல்லாம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுவதை விட்டு வருஷக்கணக்கில் ஆகியும் அந்த அதட்டல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மாடியில் இரண்டு அறைகள். பேங்க் வேலை கிடைத்து விருத்தாசலத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய எனக்கு ஒன்று. பக்கத்து அறை டூர் சாருக்கு. முதல் நாள் மரியாதைக்கு விசாரித்தேன்.

"எத்தினி நாளா சார் இங்க குடியிருக்கீங்க?"

"குடியிருக்கலப்பா. டூர்ல வந்திருக்கேன்."

"எப்ப வந்தீங்க?"

"அஞ்சு வருஷம் ஆவுது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் ஜோக் சொல்கிற ஆள் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். அவர் ஒரு இறால் தீவனக் கம்பெனியில் வேலை பார்த்தார். கம்பெனியின் நியமனக் கடிதத்தில் தலைமையிடம் கடலூர் என்று போட்டிருந்தது. சொந்த வீடும் கடலூரில், திருப்பாப்புலியூர் பக்கம். வேலையோ கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கத்து இறால் குட்டைகளில். விடியும் முன்னால் குட்டையில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் காலையில் இறாலெல்லாம் மேலே மிதக்கும். கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் இறால் செத்துப் போய்விடும் என்பதால் சிதம்பரத்தில் தங்கியாக வேண்டும். கம்பெனி பஸ் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கும். தங்குவதும் தின்பதும் உன்பாடு என்று சொல்லிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் கம்பெனியைத் திட்டிவிட்டு இட்லி தின்னப் போயிருப்பார்கள். டூர் சார் கம்பெனியை விட்டுவிட்டு வருமான வரியைப் பிடித்துக்கொண்டார்.

"வூட்ல சாப்புட்டா அது சாப்பாடு மச்சான். வேலைக்காக வெளியூர்ல சாப்புட்டா அது செலவு. நான் ஆசப்பட்டா இங்க வந்து துன்றேன்? சம்பாரிக்கறதுக்காவ ஆன செலவ சம்பாத்தியத்துல கழிச்சிட்டு மிச்சத்துக்குத்தான வரி கேக்கணும்?"

என்னை விட பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் முதல் வாரத்திலேயே என்னை மச்சான் ஆக்கிவிட்டார். இந்தக் கேள்வியை அவர் வருஷா வருஷம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த தன் ஆடிட்டரிடம் போய்க் கேட்பார். ஆடிட்டர் பொறுமைசாலி. அவர் சொல்லும் பதிலும் மாறாது.

"சம்பளக்காரனுக்கு அதெல்லாம் கெடையாதுப்பா. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்னு மொத்தமா ஒண்ணு குடுத்துட்டாங்க. அதுல நீ இட்லியும் துன்னுக்கலாம், பஸ்ஸுலயும் போவலாம், யாரும் கேக்க மாட்டாங்க. கம்பெனி வெளியூர் படின்னு எதனா குடுத்திருந்தா, அதுல செலவு பண்ண வரைக்கும் வரி வராது. ஒனக்குத்தான் படியே குடுக்கலியே."

"வியாபாரி வெளியூர் போயி தங்குனா கழிச்சிக்கறானே?"

"அவன் வியாபாரி."

"அவன் துன்னா செலவு, நான் துன்னா சாப்பாடா?"

ஆடிட்டர் அத்தோடு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஆனால் டூர் சார் அந்தப் பதிலில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். வழக்கமாக இருக்கும் ஊரை விட்டு வெளியே இருக்கிற நாட்களுக்குச் சலுகை உண்டு என்பது அந்தப் பாதி. இன்றைக்குத் தனக்கு இல்லை; என்றைக்காவது ஒரு நாள் நியாயம் தெரிந்த நிதி மந்திரி ஒருவர் வருவார்; வந்தால் பழைய வருஷங்களுக்கும் சேர்த்துக் கொடுப்பார். அன்றைக்கு யாரும் வந்து "நீ சிதம்பரத்துக்காரன்தானே" என்று கேட்டுவிடக் கூடாது. இதற்காக மனிதர் ஒரு வாழ்க்கையையே ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

அவர் அறைச் சுவரில் ஓர் ஆணி கிடையாது. ஆணி அடித்தால் சட்டை மாட்டத் தோன்றும், சட்டை மாட்டினால் குடித்தனம். துணியெல்லாம் ஒரு நீலப் பையில். காலையில் பையிலிருந்து சட்டையை எடுத்துப் போடுவார். துவைத்துக் காய்ந்ததும் மடித்துப் பையில் வைப்பார். தலையணை வாங்கவில்லை. பையையே தலைக்கு வைத்துக்கொண்டார். நாற்காலி வாங்கச் சொன்னேன். "டூர் போறவன் எவனாச்சும் நாற்காலி வாங்குவானா?" என்று கேட்டார்.

முடிவெட்டிக்கொள்வது கடலூரில்தான். இறால் அறுவடை சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டுக்குப் போக முடியாது. இரண்டு மாதம், மூன்று மாதம் முடி வளர்ந்து காதை மூடி, குட்டை வேலையில் உப்புக் காற்றும் பட்டுச் சடையாகிவிடும். ஒருமுறை, கோயிலுக்கு வந்த வடநாட்டுச் சாமியார் என்று நினைத்து ஒருத்தர் அவர் காலில் விழுந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். இவர் பதறிப் போய் அந்த மனுஷரைத் தூக்கிவிட்டு, "நானும் வெளியூரு தாங்க" என்றார்.

வழி கேட்பது இன்னொரு கூத்து. ரயில்வே ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சந்து முனைப் பெட்டிக்கடைக்காரரிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். கடைக்காரருக்கு முதலில் கோபம், பிறகு கவலை, கடைசியில் பழக்கமாகிவிட்டது. இவர் தலையைப் பார்த்ததுமே, கேட்பதற்கு முன்னால் கையை நீட்டி வழியைக் காட்டிவிட்டுப் பீடிக் கட்டு எண்ணப் போய்விடுவார்.

காய்ச்சல் வந்த கதையை ஸ்டெல்லாம்மா சொல்லித்தான் கேட்க வேண்டும். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஐப்பசி மாதம் மனிதருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஸ்டெல்லாம்மா தெர்மாமீட்டரோடு படியேறி வந்தார். இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே இறங்கி வருகிறார்.

"எங்க போறீங்க?"

"கடலூருக்கும்மா. காச்சல் வந்திருக்கு."

"காச்சல் வந்தா படுக்கணும். பஸ்ஸு ஏறக் கூடாது."

"இல்லம்மா. காச்சல் வூட்டு விஷயம். இங்க படுத்துட்டா அப்பறம் இங்க படுத்தேன்னு ஆயிடும்."

முப்பத்தைந்து வருஷம் நோயாளிகளை மிரட்டிப் படுக்க வைத்த ஸ்டெல்லாம்மாவின் கையிலிருந்து தப்பித்துப் போன ஒரே நோயாளி அவர்தான். அந்தத் தோல்வியை ஸ்டெல்லாம்மா கடைசிவரை மறக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டால் கஞ்சன் என்று நினைப்பீர்கள். இல்லை. அவரிடம் ஒரு டூர் நோட்டு இருந்தது. மெஸ் சாப்பாடு, டீ, ஷேர் ஆட்டோ எல்லாம் அதில் ஏறும். ஆனால் ஏறுவதற்கு முன்னால் ஒரு விசாரணை நடக்கும். வயிற்றுக்காகத் தின்றதா, நாக்குக்காகத் தின்றதா? வயிற்றுக்காகத் தின்றது செலவு. நாக்குக்காகத் தின்றது சொந்தக் கணக்கு, அதை அரசாங்கத்தின் தலையில் கட்டக் கூடாது. இரண்டு இட்லி நோட்டில் ஏறும், கூட வாங்கிய வடை ஏறாது. ஒரு வியாழக்கிழமை மெஸ்ஸில் கத்தரிக்காய் கொத்சு வைத்தார்கள். மனிதர் இட்லி மேல் இட்லியாக எட்டு இட்லி தின்றார். அறைக்கு வந்து நோட்டைத் திறந்தவர் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா சார்?"

"மொத ரெண்டு இட்லி பசிக்குத் துன்னேன். மூணாவதுலேர்ந்து கொத்சுக்குத் துன்னேன் மச்சான்."

இரண்டு இட்லியை எழுதிவிட்டு நோட்டை மூடினார். யாரும் கேட்கப் போவதில்லை, யாரும் கொடுக்கப் போவதுமில்லை. அந்த ஆறு இட்லியை எழுதிக்கொண்டிருந்தால் நான் இன்றைக்கு அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் மனைவி விமலா டீச்சர். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஒரே பெண் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படித்தாள். ஆகவே கடலூர் வீட்டில் டீச்சர் தனியாக இருந்தார். வருஷா வருஷம் இடமாறுதல் கவுன்சிலிங் வரும். சிதம்பரம் பக்கம் ஏதாவது இடம் காலியாக இருக்கும். "கேக்கட்டுமா?" என்று டீச்சர் போனில் கேட்பார். "வாணாம்" என்று இவர் சொல்வார். மெல்லிய சுவர், எனக்கு எல்லாம் கேட்கும்.

"நீ இங்க வந்துட்டா அப்பறம் வூடு எது? வூடே இங்க வந்துடும். அப்பறம் நான் எந்த வூட்ட வுட்டு வெளிய இருக்கேன்?"

அந்தப் பக்கம் டீச்சர் என்ன சொல்வார் என்று தெரியாது. போனை வைத்த பிறகு இவர் கொஞ்ச நேரம் வராண்டாவில் நடப்பார்.

டீச்சரைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்ததும் கிடையாது. ஒருமுறை அவரே தேர் பார்க்க வந்தார். இவர் என்ன செய்தார் தெரியுமா? கீழ கோபுரத்து வாசலில் போய் நின்று, தூரத்துச் சொந்தக்காரரை வரவேற்பதுபோல் வரவேற்று, தேர் காட்டி, ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினார். அறையைக் காட்டவில்லை. "பொண்டாட்டி ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிச்சாக்கூட அது குடித்தனம் மச்சான்" என்றார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் கோபத்தை வைத்துக்கொள்ள விட மாட்டார். அந்த வருஷம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. சந்தில் இடுப்பளவு தண்ணீர். ஸ்டெல்லாம்மா வீட்டுக் கூடத்தில் பாத்திரமெல்லாம் மிதக்கிறது. பஸ் இல்லை, கரண்ட் இல்லை. மத்தியானம் டூர் சார் ஒரு டிராக்டரில் வந்து இறங்கினார். கிள்ளைக் குட்டைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி டீசல் பம்ப் வாங்கி வந்திருந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாய் போட்டு, ஸ்டெல்லாம்மா வீட்டுத் தண்ணீரை இறைத்து, பெட்டிக்கடைக்காரர் வீடு, எதிர்வீடு, கடைசி வீடு என்று சந்து முழுக்க இறைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஸ்டெல்லாம்மா டீ போட்டுக் கொடுத்து, "ஊருக்கே நல்லது பண்ணிட்டீங்க தம்பி" என்றார். இவர் கூச்சத்தோடு, "வந்த எடத்துல சும்மா குந்தியிருக்க முடியுமா?" என்றார். அந்தப் பம்ப் ஓட்டிய டீசல் செலவு நோட்டில் ஏறவில்லை. நான் பார்த்தேன்.

வினை வந்தது அவருடைய ஒன்பதாவது வருஷத்தில். ஆடிட்டர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். ஜூலை மாதம் முடிகிறது. ரிட்டர்னை நானே போட்டுக்கொள்கிறேன் என்று டூர் சார் என் லேப்டாப்பைக் கடன் வாங்கினார். அந்தப் படிவத்தில் வரி விலக்குள்ள படிகள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கட்டத்தைப் பார்த்ததும் மனிதருக்கு ஆடிட்டர் சொன்னதில் அந்தப் பாதி மட்டும் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருஷத்து டூர் நோட்டைக் கூட்டி, மொத்தத்தையும் அந்தக் கட்டத்தில் போட்டு அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகு என்னிடம் வந்து, "கேக்காம இருந்தா யாரு குடுப்பாங்க?" என்றார்.

இரண்டு மாதம் கழித்து வருமான வரி ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றிதழான பாரம் பதினாறில் இப்படி ஒரு படியே இல்லை, நீங்கள் எப்படிப் போட்டீர்கள்? முப்பது நாளில் பதில் சொல்லவும். ஒப்புக்கொள்கிறீர்களா, ஒப்புக்கொள்ளவில்லையா? ஒப்புக்கொள்ளவில்லை என்றால் காரணம் சொல்லவும்.

நான் பயந்துபோனேன். அவரோ பரீட்சைக்குப் படித்துத் தயாராக இருந்த பையன் மாதிரி ஆகிவிட்டார். ஒன்பது வருஷமாக அவரை ஒருத்தரும் காரணம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். கண் ஆபரேஷன் முடிந்து வந்த ஆடிட்டரிடம் போனில் சொன்னபோது அவர் கத்தியது மாடிப்படி வரை கேட்டது. "ஒத்துக்கடா. ஒத்துக்கிட்டு திருத்துன ரிட்டர்ன் போடு. இல்லாட்டி இன்னும் ஜாஸ்தியா இழுக்கும்." இவர் கேட்கவில்லை. பத்து நாள் யோசித்தார், இன்னொரு பத்து நாள் மனசுக்குள்ளேயே பதில் எழுதினார். இருபத்தி நாலாவது நாள் சனிக்கிழமை, ஸ்டெல்லாம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் லேப்டாப்பை வைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"அய்யா, நான் சிதம்பரத்தில் வசிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அலுவல் காரணமாக மட்டுமே தங்கியிருக்கிறேன். இதற்கு அறையின் உரிமையாளர் சாட்சி."

உரிமையாளர் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு சாட்சி?" என்றார் ஸ்டெல்லாம்மா.

"நீங்கதாம்மா. ஒரே ஒரு கையெழுத்து."

"பொய்ச் சாட்சி நான் போட மாட்டேன் தம்பி. இந்த சந்துக்கே தண்ணி எறச்ச ஆளு நீங்க. ஒங்கள இந்த ஊரு இல்லன்னு நான் எப்பிடி எழுதிக் குடுக்கறது? வேணும்னா வாடக வாங்கினதுக்கு ரசீது தர்றேன். அதுதான் நெசம்."

"வாடகன்னு சொல்லாதீங்கம்மா. தங்கும் செலவு."

இந்தச் சமயத்தில் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். கையில் குடை, தோளில் கைப்பை. "இங்க டூர் சாருன்னு ஒருத்தரு…" என்று ஆரம்பித்தவர், மேஜையில் இருந்தவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்து வழி காட்டிக் கூட்டி வந்த பெட்டிக்கடைக்காரர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

விமலா டீச்சர் உட்கார்ந்தார். ஸ்டெல்லாம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். டூர் சார் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்னிடமிருந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் படித்தார்.

"சிதம்பரத்தில் வசிக்கவில்லைன்னு போட்டிருக்கீங்க. அப்ப எங்க வசிக்கறீங்க?"

"கடலூர்லதான் விமலா. நம்ம வூட்ல."

"எனக்குத் தெரியாம அந்த வூட்ல எந்த ரூம்புலங்க?"

ஸ்டெல்லாம்மா கீரையை விட்டுவிட்டார்.

"வாரத்துல ஒரு நாளு வர்றீங்க. சில வாரம் அதுவும் இல்ல. வந்தா அந்தப் பையத் தொறக்கறதே இல்ல, மேலாக ஒரு லுங்கிய உருவிக்கறீங்க. காலைல போவணும்ங்கறீங்க. இங்கயாவது பையத் தொறந்து வெச்சிக்கிட்டு சௌரியமா இருக்காருன்னு நெனச்சேன்." டீச்சர் என்னைப் பார்த்தார். "இங்க தொறக்கறாராப்பா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. அப்ப நீங்க எங்கதாங்க இருக்கீங்க?"

ஒன்பது வருஷமாக எல்லாருக்கும் பதில் வைத்திருந்த மனிதர். ஆடிட்டருக்கு, கம்பெனிக்கு, வரப்போகும் நிதி மந்திரிக்கு. இப்போது ஒரு கீரைக் காம்பை எடுத்துக் கிள்ளிக்கொண்டிருந்தார். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. வெள்ளிக்கிழமை கவுன்சிலிங், புவனகிரியில் ஒரு இடம் காலி இருக்கிறது என்றார். தான் எட்டு தடவை கேட்டாயிற்று, இது ஒன்பதாவது, பத்தாவது தடவை கேட்கப் போவதில்லை என்றார். நேரில் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார்.

"ரெண்டு பேரும் இங்க வந்துட்டா அந்தக் கழிவு போயிடுமே விமலா" என்றார் டூர் சார். அவர் குரல் எனக்கே பாவமாக இருந்தது.

"இது வரைக்கும் எத்தினி ரூபா வந்துச்சி?"

"வரலை."

"வராதது எங்கங்க போவும்?"

டூர் சார் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். நாங்கள் அடித்த கடிதத்தை முழுக்க அழித்தார். ஒப்புக்கொள்கிறேன் என்ற இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்து அழுத்தினார். ஓடிபி வரும், செல்போனைப் பார்க்கவும் என்று திரையில் வந்தது.

"போனு மேல பையில இருக்கு" என்று எழுந்து மாடிக்குப் போனார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. டீச்சர் என்னைப் பார்த்தார். நான் படியேறிப் போனேன். டூர் சார் பையின் ஜிப்பைக் கடைசிவரை திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். அடியில் இருந்த சட்டைகள் எத்தனை வருஷமாக வெளிச்சம் பார்க்கவில்லையோ, மடிப்பிலேயே வெளுத்திருந்தன.

"போனத் தேடறேன் மச்சான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

போன் அவர் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. நான் சொல்லவில்லை. அவரும் எல்லாச் சட்டையையும் அடுக்கி முடித்துவிட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார்.

மிச்சத்தை ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை நானும் டூர் சாரும் மஞ்சக்குப்பம் போனோம். ஸ்டெல்லாம்மா பன்னிரண்டு மாதத்துக்கும் ரசீது போட்டுக் கொடுத்திருந்தார். ஆடிட்டர் புதுக் கண்ணால் அதைப் பார்த்துவிட்டு டூர் சாரைப் பார்த்தார்.

"வாடகையா? நீ வாடக குடுக்கறியா?"

"குடுக்கறேன்."

"ஒன் சம்பளத்துல வாடகப் படின்னு ஒண்ணு இருக்கு. சொந்த வூட்ல குடியிருக்கேன்னு எழுதிக் குடுத்து, வருஷா வருஷம் அதுக்கு முழுசா வரி கட்டிட்டு இருக்க. வாடக ரசீது குடுத்திருந்தா பழைய முறையில ஒரு பங்கு கழிஞ்சிருக்கும். இட்லிக்கு கெடைக்காது, இதுக்கு கெடைக்கும். ஒம்போது வருஷத்துல ஒரு தடவையாச்சும் வாடகன்னு வாயத் தொறந்தியா நீ?"

வெளியூரில் தங்கியவனாக இருந்து அவர் கேட்டது கிடைக்கவே கிடைக்காது. சிதம்பரத்தில் குடியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்காததே கிடைத்திருக்கும். அதைச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் மனிதர் தலையணை இல்லாமல் தூங்கினார். நடப்பு வருஷத்துக்கு மட்டும்தான் திருத்த முடியும், மற்றதெல்லாம் போனது போனதுதான் என்றார் ஆடிட்டர். டூர் சார் சாதாரணமாக எழுந்து, "பஸ்ஸுக்கு நேரம் ஆவுது. வெள்ளிக்கெழம வூட்டுக்காரிக்கு கவுன்சிலிங், லீவு சொல்லணும்" என்றார்.

டீச்சருக்குப் புவனகிரி கிடைத்தது. அடுத்த மாதமே எனக்கு ஓசூருக்கு மாறுதல் வந்தது. என் அறையையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நான் கிளம்பிய அன்று டூர் சாரும் டீச்சரும் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார்கள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. என் பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார், ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டுப் பிடித்துக் கொடுத்தார், டீச்சர் ஒரு டப்பாவில் எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்தார். இத்தனை நாளும் அந்த பஸ் ஸ்டாண்டில் ஏறிப் போகிற ஆளாகவே அவரைப் பார்த்திருந்தேன். கீழே நின்று வழியனுப்புகிற ஆளாக அன்றுதான் பார்த்தேன்.

கண்டக்டர் விசில் கொடுத்த பிறகு ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், எப்பனா இந்தப் பக்கம் வந்தா ரூமு கீமுன்னு எங்கயும் தேடாத. நேரா வந்துடு. இங்க நம்ம வூடு இருக்கு."

பஸ் சேத்தியாத்தோப்பு தாண்டும்வரை எனக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. பேங்க் வேலையில் அதற்குப் பிறகு நாலு ஊர் பார்த்துவிட்டேன். யார் கேட்டாலும் சிதம்பரத்தில் எங்களுக்கு வீடு இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.